கிட்டாரை யாரும் தடுக்கவில்லை

ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை செய்கிறேன். உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியிலிருந்து இறங்குவது முதல் நீலம் பாரித்த 'வெட் ப்ளூ'வாகிப் போவது வரை என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். நாட்டுப்புறப் பாட்டும் ராக் இசையும் கலந்த 'ஃபோக் ராக்' பற்றி யாராவது எழுதினால் கிட்டாரில்தான் தொடங்குவார்கள். தோல்காரனுக்கு அந்த வழக்கம் சரிப்படாது. நான் பறையிலிருந்து தொடங்குகிறேன்.

பறைக்கு டேனரித் தோல் உதவாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை நம்புவதே இல்லை. "ஊரு பூரா தோலு, ஒரு பறைக்கு வழி இல்லியா?" என்று கேட்பார்கள். குரோமியம் ஏற்றிய தோலில் ஒரு துண்டு நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்போம். சுருங்காமல் வந்தால் பதம் சரி என்று அர்த்தம். பச்சைத் தோலை அப்படிப் போட்டால் அறுபது, அறுபத்தைந்து டிகிரி சூட்டிலேயே சுருண்டுகொள்ளும். ஷூவுக்கு வேண்டியது வெயில், மழை எதற்கும் அசையாத தோல். அதற்காகத்தான் சுண்ணாம்பில் ஊறவைத்து, இழைகளைப் பிரித்து, குரோமியம் ஏற்றி, எண்ணெயும் ஏற்றி அதை மெதுவாக்குகிறோம். அந்தத் தோலை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி அடித்தால் 'தொப்' என்று விழும்.

பறைக்கு மயிர் மட்டும் நீக்கிக் காயவைத்த மாட்டுத் தோலோ கன்றுத் தோலோ வேண்டும். மூன்று மரத்துண்டுகளை வளையமாகச் சேர்த்து, இரும்புப் பட்டை அடித்து, அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுவார்கள். பதனிடாத தோல் என்பதால் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால் ஈரம் போய் விறைத்துக்கொள்ளும். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. நன்றாகக் காய்ச்சிய பறையில் சிண்டு விழும் சத்தத்துக்கு மைக்கே தேவையில்லை, அரை கிலோமீட்டருக்குக் கேட்கும். காய்ச்சியது ஆறினால் சுருதியும் இறங்கிவிடும். மறுபடி நெருப்புக்குத்தான் போக வேண்டும்.

ராக் இசையில் இந்தத் தொல்லை 1950களின் கடைசியிலேயே தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ட்ரம்ஸுக்குத் தோலை விட்டுவிட்டு பாலியஸ்டர் ஃபிலிம் கட்டத் தொடங்கினார்கள். ராக் ட்ரம்மர் மழைக்காலத்திலும் மேடையேறிய உடனே வாசிக்க முடிவது அதனால்தான். இப்போது பறைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. நெருப்பு வேண்டாம், வெளிநாட்டுக்கு விமானத்தில் எடுத்துப்போகலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் என் காது தோலைத்தான் கேட்கிறது, தொழில் புத்தி.

இனி கிட்டார் பக்கம் வரலாம். 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறினார். அதுவரை மேடைகளில் வெறும் மரக் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாகப் பாடிவந்த பிள்ளை. கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. சத்தம் சரியில்லை என்று கத்தினார்களா, கரண்ட் கிட்டாரைப் பார்த்துக் கத்தினார்களா என்று இன்றைக்கும் அங்கே சண்டை ஓயவில்லை. மூத்த பாடகர் பீட் சீகர் கோபப்பட்டது சொற்கள் கேட்கவில்லை என்பதற்காகத்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். மிக்சர் முன்னால் உட்கார்ந்து பழகியவனாக நான் சீகர் கட்சி. அதே கோடையில் 'தி பேர்ட்ஸ்' குழு டிலனின் பாட்டையே பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. பத்திரிகைகள் ஃபோக் ராக் என்று பெயர் வைத்தன. 1969-ல் இங்கிலாந்தில் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' குழு பல நூற்றாண்டுப் பழைய கதைப்பாடல்களை எடுத்து கிட்டார், ட்ரம்ஸ், வயலினோடு ஒரு தட்டில் போட்டது.

நம் நாட்டில் இந்த வேலையை முதலில் எடுத்தது வங்காளம். 1975-ல் கொல்கத்தாவில் கிளம்பிய 'மொஹீனேர் கோராகுலி' வங்காள நாட்டுப்புறப் பாவுல் பாட்டையும் மேற்கத்திய வாத்தியங்களையும் சேர்த்தது. டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' 2000-ல் 'கந்தீசா' ஆல்பத்தில் கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாடலை ராக்காக வாசித்தது. கேரளத்தில் 'அவியல்' 2008-ல் ஆல்பம் போட்டது.

தமிழ்நாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? எனக்குத் தெரிந்த பதில், இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது கிராமத்து மெட்டும் மேற்கத்திய இசைக்கோப்பும் ஏற்கெனவே கைகோத்துவிட்டன. அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். நாட்டுப்பாட்டும் கிட்டாரும் அவருக்கு இரண்டு உலகமாக இருக்கவில்லை. என் விரல் பழகியதே அவர் படப் பாட்டுகளின் பேஸில்தான். வங்காளத்துப் பையன் ஒரு குழு அமைத்துத் தேட வேண்டியிருந்ததை நம் பையன் டீக்கடை ரேடியோவிலேயே கேட்டுவிட்டான். குழு எதற்கு?

அதற்கு ஒரு விலையும் உண்டு. சினிமா மெட்டை எடுத்துக்கொண்டது, பாடியவர்களை ஒரு பாட்டோடு அனுப்பிவைத்தது. பரவை முனியம்மாவை 'தூள்' படத்துக்கு (2003) அப்புறம்தான் ஊரெல்லாம் தெரியும். அதற்கு முன்பே அவர் காலமெல்லாம் பாடிக்கொண்டிருந்தவர். 'நாக்க முக்க'வில் (2008) சின்னப்பொண்ணுவின் குரல் இந்தியா முழுக்கப் போனது, குரலுக்குச் சொந்தக்காரர் பெயர் அவ்வளவு தூரம் போகவில்லை. பறையும் படத்தில் இருந்தது. குத்துப்பாட்டுக்கு ஆடவும் சாவுக் காட்சிக்கு அழவும் வந்தது. பறைக்காரர் தன் வாயால் எதையாவது சொல்லும் காட்சி எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். பாலாற்றங்கரையில் மாசி அமாவாசை மயானக் கொள்ளைக்கு வேலூரில் பம்பையும் உடுக்கையும் முழங்கும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் தெருவே அதிரும். பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வாணியம்பாடியில் உருது முஷாயிரா. இத்தனைக்கும் நடுவே கிட்டார் எப்படி வந்தது? மிஷன் வழியாகத்தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் லுத்தரன் மிஷனின் பழைய தலங்கள், வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை. சர்ச்சில் கிட்டார் வந்தது, கான்வென்ட்டில் வந்தது, பிறகு வி.ஐ.டி. 'ரிவியரா' போன்ற கல்லூரி விழாக்களில் பெரிய ஸ்பீக்கரோடு வந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கிட்டார் பிடித்தால் பையன் இங்கிலீஷ் படிக்கிறான் என்று அர்த்தம், வீட்டுக்குப் பெருமை.

நியூபோர்ட்டில் கரண்ட் கிட்டார்தான் விருந்தில் நுழைந்த அந்நியன், பழைய மரவாத்தியம் வீட்டுப் பிள்ளை. இங்கே எல்லாம் தலைகீழ். கிட்டாருக்கு ஒருநாளும் தடை இருந்ததில்லை. பறையை மேடைக்கு எடுத்துவந்தால்தான் தொண்டையைக் கனைப்பார்கள். எங்களோடு பறை வாசிக்க ஒரு தம்பியை அழைத்துவரலாம் என்று நான் சொன்னபோது சபையில் ஒரு பெரியவர், "ஆராதனைக்கு அது சரியா இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். மற்றதை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

இத்தனைக்கும் தமிழ்ச் சபைகளில் இந்தச் சண்டையை முன்பே போட்டுவிட்டுப் போன மனிதர் ஒருவர் இருக்கிறார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்'. கர்நாடக ராகக் கீர்த்தனையும் மேல்நாட்டு ஞானப்பாட்டும் மட்டுமே வழிபாடு என்று இருந்த இடத்தில் கிராமத்து மெட்டையும் பறையையும் கொண்டுவந்து வைத்தவர். அவர் பாட்டைப் பத்துப் பேர் சேர்ந்து, பயிற்சி இல்லாமலே பாடலாம். இசை நிபுணர்களுக்கு அது குறை. எனக்கு அதுதான் அவர் சாமர்த்தியம். பறையும் கிட்டாரும் சேர்ந்த மேடை 2018-ல், நான் பின்னால் சொல்லப்போகும் சென்னைக் குழுவோடு, திடீரென்று முளைத்ததாக எழுதுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எதிர்ப்பு வெளியே இருந்து மட்டும் வந்தது என்று சொன்னால் பாதிக் கதைதான். எங்கள் வீட்டில் தாத்தா பறையை விட்டவர். சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, கூலி கேட்காதே என்று இருந்த ஊரைவிட்டு ஆம்பூர் டேனரிக்கு வந்தவர். சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தாலும் சனிக்கிழமை கையில் காசு வந்தது, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லவில்லை. எங்கள் வீடு மட்டும் இல்லை. தென்னாற்காட்டில் தலித் தலைவர் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறை அடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போய் இயக்கமே நடத்தினார். அந்தத் தலைமுறைக்குப் பறையைக் கீழே வைப்பதுதான் விடுதலை.

அதனால் நான் போனில் போட்டுக் காட்டிய ஒரு பறைப் பாட்டைக் கேட்டுவிட்டு என் பெரியப்பா சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். "அத்த உடறதுக்கு நாங்க பட்ட பாடு உனுக்குத் தெரியாதுடா. நீ காசு குடுத்துக் கத்துக்கினு வர்ற."

"இது வேற பெரியப்பா. இவுங்கள யாரும் அடிக்கச் சொல்லல. இவுங்களா அடிக்கிறாங்க."

"அடிக்கிறது நம்ம பசங்க மட்டுந்தானா, எல்லாருமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எல்லோரும் வாசிக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்கள் மட்டுமே தொட்ட பறையை எடுத்து ஆடிக்கொண்டே அடிக்கிறார்கள். மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசான் சாதி பார்க்காமல் கற்றுக்கொடுத்தவர், 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளும் பயிற்சிக்குப் போகிறார்கள். பெரியப்பா கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அவர் சொல்வதும் சரி, இந்தப் பிள்ளைகள் செய்வதும் சரி.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, பத்தொன்பது பேர். அயோத்திதாசப் பண்டிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு. வடசென்னைக் கானாப் பாடகர்கள், ராப் பாடகர் அறிவு, எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், இவற்றுக்குச் சமமான வரிசையில் பறை, சட்டி, கட்டமோளம். கானா ஆண்கள் பாட்டு என்று இருந்ததில் இசைவாணி பாடினார். 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

வாசிக்கிறவனாகச் சொல்கிறேன், இந்தக் கலவை சுலபம் இல்லை. ட்ரம் செட்டின் ஸ்னேரும் பறையின் சிண்டும் காதில் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் இரண்டும் கெடும். ராக் ட்ரம்மர் நாலு அடிக் கணக்கில் நேராக நடப்பார். சாவு மேளத்து நடை மும்மூன்றாக உருளும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பழக்கத்தில் எல்லோரும் என்ன செய்வார்கள் என்றால், பறையைப் பின்னால் தள்ளி, ட்ரம்ஸை முன்னால் வைத்து, நடுவில் எங்காவது எட்டு அடிக்குப் பறைக்கு 'சோலோ' கொடுத்துவிட்டு முடித்துவிடுவார்கள். காஸ்ட்லெஸ் பாட்டுகளில் பல இடங்களில் ட்ரம்ஸ் அடக்கி வாசிக்க, பறையும் சட்டியும் வண்டியை இழுக்கின்றன. பேஸ் கிட்டார் அவற்றோடு ஒட்டிக்கொண்டு போகிறது. முதல் தடவை கேட்டபோது ஒரு பேஸ்காரனாக எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எல்லாப் பாட்டும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் சொல்ல வந்த கருத்து மெட்டை நசுக்கிவிடுகிறது.

அவர்கள் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். மாட்டுக்கறிப் பாட்டு ஆம்பூருக்குப் புரிந்த மாதிரி வேறெங்கும் புரிந்திருக்காது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடம் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போடப்பட்டது. ஊருக்கே சோறு போடுவது மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும்தான். தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்குப் போனால் ஏற்றுமதி, பறையில் ஏறினால் சாவுச் சத்தம், கறி சட்டியில் விழுந்தால் சர்ச்சை. அந்த வாரம் எங்கள் ஷிஃப்டில் பையன்கள் போனில் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அந்தக் குழுவின் அறிவு எங்கள் ரயில் பாதைக்காரர். ஆம்பூரில் ஏறினால் குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு தாண்டி அரக்கோணம், அதுதான் அவர் ஊர். 2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. பாடகி தீயும் அறிவும் பாடியது, தயாரித்தது இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். நிலம் இல்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதில் வைத்தார். ஒப்பாரியின் மூச்சு அதில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் அதற்கு ஆடுகிற பிள்ளைகளுக்கு அது தெரியுமா என்பது வேறு கதை. யூடியூபில் 40 கோடிக்கும் மேல் பார்வைகள். தமிழில் சினிமாவுக்கு வெளியே பிறந்த ஒரு பாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று அதற்குமுன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உடனே பழைய சிக்கலும் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பத்திரிகை பிறகு அறிவை வைத்தும் ஓர் அட்டை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது, பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று மூன்று தரப்பும் தனித்தனியாக அறிக்கை எழுதின. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் கேள்வி புதிது இல்லை. அமெரிக்காவிலும் ஃபோக் ராக்கின் அடியில் கறுப்பர்களின் ப்ளூஸ் கிடந்தது, அட்டையில் வேறு முகங்கள் இருந்தன. நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது எல்லோருக்கும் வசதியான நம்பிக்கை. பாட்டி பாடியது என்றால் பாட்டிக்கு ஒரு பெயர் இருக்கிறது, பேரனுக்கும் இருக்கிறது.

வெளிநாட்டிலும் நம் தோல் பேசியிருக்கிறது. லண்டன் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2007-ல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்துக்காகத் தமிழ்நாட்டு உறுமி மேளத்தைப் பதிவு செய்து கொண்டுபோனார். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அது எலெக்ட்ரானிக் தாளத்தோடு மோதுகிறது. அங்கே உறுமியை யாரும் சாவோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கிளப்பில் ஆடினார்கள்.

2020 முதல் டிசம்பர் மாதத்தில் 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது. சபாக்களில் கீர்த்தனை கேட்கும் அதே பருவத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும். கூத்தும் பம்பையும் இன்னும் கொஞ்சம் வந்தால் எங்கள் வடாற்காட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். பம்பையோடு கிட்டார் சேர்த்து நான் கேட்டது இதுவரை எல்லாமே கல்லூரி மேடைகளில், பாதி வெந்த நிலையில். சீக்கிரமே யாராவது உருப்படியாகச் செய்வார்கள். பம்பை ஸ்னேரோடு சண்டை போடாது, அந்த வேலை பறையைவிடச் சுலபம்.

இதுவரை கேட்காதவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'அன்னக்கிளி' பாட்டுகளைப் பேஸைக் கவனித்துக் கேளுங்கள். பிறகு ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 1969 தட்டு, அப்புறம் 'கந்தீசா', 'அவியல்'. கடைசியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் கச்சேரிப் பதிவுகள். ஸ்டுடியோப் பதிவைவிட மேடைப் பதிவு மேல், பறை அதில்தான் தன் அளவில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். சிண்டு மட்டும் டிக் டிக் என்று கேட்கும், அடிக்குச்சி கேட்கவே கேட்காது. நல்ல ஸ்பீக்கர் இல்லை என்றால் தெருவில் யாராவது கல்யாணத்துக்கு மைக்செட் கட்டும்போது அந்தத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். டெஸ்ட் பண்ண ஒரு பாட்டு அவருக்கும் வேண்டியிருக்கும்.